நம்ம பள்ளிக்கூடத்துக்கு தோள் குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எஸ்.எம்.சி.ங்கிற பள்ளி மேலாண்மைக் குழு சார்பாவும், இந்த நடுநிலைப் பள்ளில புள்ளைங்கள படிக்க வைக்கிற ஒரு அம்மாவாவும் எழுதுறேன். இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷன் கூடியிருக்கு, ஆகஸ்ட் 1 அன்னிக்கு இருக்கிற புள்ளைங்க எண்ணிக்கைய வச்சு போடுற கணக்குல டீச்சர் போஸ்ட் எதுவும் போகல. புள்ளைங்க கொறஞ்சா ஒரு டீச்சர உபரின்னு பணி நிரவல்ல வேற ஊருக்கு அனுப்பிருவாங்க, அப்புறம் ரெண்டு கிளாஸ ஒரே டீச்சர் பாக்கணும், அதப் பாத்துட்டு இன்னும் நாலு பேர் புள்ளைய மாத்திருவாங்க, இந்த பயம்தான் எங்களுக்கு இருந்துச்சு.

மொத நன்றி ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு. புள்ளைங்கள சேக்கச் சொல்லி பேரணி போனோம், பேனர் கட்டினோம், எல்லாம் சரிதான், ஆனா ஜனங்க மனசு மாறுனது அதுனால இல்லன்னுதான் நான் நெனைக்கிறேன். எண்ணும் எழுத்தும்ங்கிற அரசுத் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு சொல்லித் தருவாங்கல்ல, அதுல அரும்புல இருந்த பையன், எழுத்துக் கூட்டவே தடுமாறுனவன், நாங்க தெருவுல நோட்டீஸ் குடுக்குறப்போ ஒண்ண வாங்கி ஒரு வீட்டு வாசல்ல நின்னு விரல் வச்சு முழுசா வாசிச்சான். ‘மாணவர் சேர்க்கை’ல மட்டும் கொஞ்சம் நின்னான், திரும்ப ஆரம்பிச்சு முடிச்சுட்டான். அந்த வீட்டு அக்கா மறுநாளே புள்ளையோட ஆதார எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துட்டாங்க.

ஹெச்.எம். சாருக்கும் கல்வித்துறையோட வட்டார வள மையத்துல இருக்கிற சாருக்கும் நன்றி. பழைய ஸ்கூல்ல டி.சி. தராம இழுத்தடிச்சப்போ, டி.சி. லேட்டாகுதுன்னு புள்ளைய சேக்காம இருக்கக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்குன்னு தைரியம் சொல்லி மொதல்ல கிளாஸ்ல உக்கார வச்சாங்க, அப்புறம் பின்னாடியே அலைஞ்சு எமிஸ்ங்கிற கல்வித்துறை ஆன்லைன் பதிவுல பேர பழைய ஸ்கூல்ல இருந்து எடுத்து காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்கு மாத்த வச்சாங்க. இந்த வேலை வெளிய யாருக்கும் தெரியாது, அதான் சொல்றேன்.

காலை உணவு சமைக்கிற சுயஉதவிக்குழு அக்காங்களே, நீங்க விடியறதுக்கு முன்னாடி அடுப்பு பத்த வைக்கிறதாலதான் வேலைக்குப் போற அம்மாங்க நிம்மதியா கெளம்புறாங்க. சாயங்காலம் வாசிக்கச் சொல்லித் தர்ற காலேஜ் பொண்ணுக்கும், தூரத்துப் புள்ளைங்கள ஏத்திட்டு வர்ற ஆட்டோ அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

வீடு வீடா வந்து மருத்துவம் மாதிரி படிப்புகள்ல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு இருக்கிற 7.5% இடஒதுக்கீடு, காலேஜ் போற பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டத்துல வர்ற மாச 1000 ரூபா எல்லாம் பொறுமையா விளக்குன முன்னாள் மாணவர்களே, உங்க பேச்ச நம்பித்தான் நெறைய அப்பாங்க சேத்திருக்காங்க. தனியார்ல இருந்து மாத்துன பெத்தவங்களுக்கு தனி நன்றி, சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னு பாக்காம வந்தீங்க, உங்க புள்ளைங்க படிப்புக்கு நாங்க கூட நிப்போம்.

இப்போ எட்டாங்கிளாஸ்க்கு என்.எம்.எம்.எஸ்.ங்கிற உதவித்தொகைத் தேர்வுக்கு கோச்சிங் ஆரம்பிக்கிறோம், பாஸாகி தேர்வானா ஒம்பதாவதுல இருந்து நாலு வருஷம் வருஷத்துக்கு 12,000 ரூபா வரும். கணக்கும் மனத்திறனும் சொல்லித் தர ஆள் வேணும், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிஞ்சவங்க ஹெச்.எம். சாரப் பாருங்க.