எல்லாரையும் ‘ராணுவத் தளபதி’ ஆக்காதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ்களின் செய்திப் பிரிவினருக்கு வணக்கம்.

ஏப்ரல் 3, வங்கதேசப் போரின்போது இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய சாம் மானெக்‌ஷாவின் பிறந்தநாள், ஜூன் 27 நினைவுநாள். அந்தக் கட்டுரைகளுக்குச் சில நேரம் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த படத்தைப் போடுகிறீர்கள். 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் கிழக்குப் படையின் தலைவர் நியாசியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தலைப்பாகைக்காரர் ஜக்ஜித் சிங் அரோரா. மானெக்‌ஷா அன்று டாக்காவிலேயே இல்லை. இருவரையும் ‘ராணுவத் தளபதி’ என்றே எழுதினால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

ஒரு அதிகாரியைப் பற்றி எழுதும்போது பதவிநிலை, பொறுப்பு, ரெஜிமென்ட் (அதிகாரியின் தாய்ப் படைப்பிரிவு) ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அரோரா பதவிநிலையில் லெப்டினன்ட் ஜெனரல். பொறுப்பு, கிழக்குக் கமாண்டின் தலைமை. மானெக்‌ஷா ஜெனரல், பொறுப்பு, தரைப்படைத் தலைமைத் தளபதி. 1971-இல் அவரை ‘பீல்டு மார்ஷல்’ என்பதும் பிழை. அது 1973 ஜனவரி 1-இல்தான் வந்தது.

பதவிநிலையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். மானெக்‌ஷா 1962 டிசம்பரில் தேஜ்பூரில் 4-வது கோருக்குப் பொறுப்பேற்றார். 1963-இல் மேற்குக் கமாண்ட், 1964-இல் கிழக்குக் கமாண்ட். மூன்றிலும் அவர் லெப்டினன்ட் ஜெனரல்தான், ஆனால் பொறுப்பு பல மடங்கு பெருகியது: பல டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) சேர்ந்தது கோர், கமாண்டின் கீழோ கோர்களே வரும். (மேஜர் என்பவர் லெப்டினன்ட்டுக்கு மேல், மேஜர் ஜெனரலோ லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழ். பழைய ‘சார்ஜென்ட் மேஜர் ஜெனரல்’ சுருங்கியதால் வந்த வினை.) அதற்கு முன், 1959-இல் வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் கமாண்டன்ட்டாக (தலைவராக) வந்தபோது அவர் மேஜர் ஜெனரல்.

ரெஜிமென்ட்டில்தான் அதிகம் சறுக்குகிறீர்கள். ‘கூர்க்கா படையில் சேர்ந்தார்’ என்பது தவறு. அவர் டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் அணியில் பயிற்சி பெற்று, 12-வது பிரான்டியர் போர்ஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றினார். 1942-இல் பர்மாவின் சிட்டாங் பாலத்தருகே படுகாயமடைந்து மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றது அங்கிருந்துதான். 1947-இல் அந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. 8-வது கூர்க்கா ரைபிள்ஸின் ‘ரெஜிமென்ட் கர்னல்’ என்பது பின்னாளில் கிடைத்த மரியாதைப் பொறுப்பு. பெயரில் கர்னல் இருந்தாலும் ஜெனரல்களும் அதை வகிப்பார்கள்.

‘1973-இல் ஓய்வு பெற்றார்’ என்பதையும் திருத்துங்கள். ஜனவரி 15-இல் தலைமைத் தளபதி பொறுப்பிலிருந்துதான் விலகினார். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. ஆயுள் முழுதும் பணிப்பட்டியலில் பெயர் இருக்கும். 2007-இல் அவருக்கு ஏறத்தாழ 1.3 கோடி ரூபாய் சம்பள நிலுவை வழங்கப்பட்டதன் காரணம் இதுவே.

பழைய படத்தின் ஆண்டில் ஐயமிருந்தால் தோளைப் பாருங்கள். குறுக்கே கிடக்கும் வாளும் கோலும், மேலே நட்சத்திரமும் சிங்கமும் இருந்தால் ஜெனரல். தாமரை வளையத்துக்குள் வாளும் கோலும் குறுக்காகவும், மேலே சிங்கமும் இருந்தால் பீல்டு மார்ஷல். அது 1973-க்கு முந்தைய படமாக இருக்க முடியாது.