எவாபரேட்டர் காயிலில் அளவுமீறிய அழுத்த இழப்பு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குளிர்பதன அறைக்காகத் தங்களிடம் வாங்கிய, உட்சுவரில் நுண்வரிகள் கொண்ட செப்புக் குழாய்களாலான எவாபரேட்டர் காயில் (குளிர்பதனப் பொருள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும் குழாய்த் தொகுதி), தாங்கள் தந்த தரவுத்தாளில் உள்ளதைவிட இரு மடங்குக்கும் மேலான அழுத்த இழப்பைக் காட்டுகிறது. தரவுத்தாளில் இருப்பது 0.14 பார், டிஸ்ட்ரிபியூட்டருக்கு (குழாய்களுக்குக் குளிர்பதனப் பொருளைப் பகிர்ந்தளிக்கும் பகுதி) அடுத்தும் வெளியேறும் ஹெடரிலும் (குழாய்கள் ஒன்றுசேரும் பொதுக்குழாய்) நாங்கள் அளந்த வித்தியாசமோ 0.32 பார்.

எண் சிறியதாகத் தோன்றினாலும் அதன் விளைவு சிறியதன்று. காயிலில் ஓடும் குளிர்பதனப் பொருளான ஆர்-134ஏ, 2.93 பார் முழு அழுத்தத்தில் (வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளந்தது) 0 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 2.61 பாருக்கு இறங்கினால் கொதிநிலை ஏறக்குறைய மைனஸ் 3 டிகிரி ஆகிவிடும். கம்ப்ரஸர் அந்தத் தாழ்ந்த அழுத்தத்திலிருந்துதான் வாயுவை இழுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அது உள்வாங்கும் வாயுவின் எடை குறைந்து, குளிரூட்டும் திறனும் குறைகிறது.

காரணத்தை நாங்களே ஆராய்ந்தோம். தங்கள் கணக்கு வழவழப்பான குழாய்க்கான சமன்பாட்டில் போடப்பட்டது என்பது தரவுத்தாளின் அடிக்குறிப்பிலேயே உள்ளது. நுண்வரிகள் வெப்பப் பரிமாற்றத்தைக் கூட்டுவதோடு உராய்வையும் கூட்டும். போதாததற்கு, 0 டிகிரியில் ஆர்-134ஏ ஆவியாகும்போது திரவத்தைப்போல் சுமார் 90 மடங்கு இடத்தைப் பிடிப்பதால், வெளிவாயை நெருங்க நெருங்க வேகம் ஏறி இழப்பும் ஏறுகிறது. ஆயினும் வரிகளால் மட்டும் இவ்வளவு இழப்பு வராது. ஒப்புதல் வரைபடத்தில் 60 குழாய்கள் 6 சர்க்யூட்டுகளாக (இணையாக ஓடும் தனித்தனிப் பாதைகளாக) பிரிக்கப்பட்டிருக்க, வந்திறங்கிய காயிலில் 5 சர்க்யூட்டுகளே உள்ளன. ஒவ்வொரு சர்க்யூட்டிலும் ஓட்டமும் நீளமும் 1.2 மடங்காகின்றன, இழப்பு ஏறத்தாழ ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், இந்த மாற்றம் ஒன்றே இழப்பை 1.6 மடங்குக்கு மேல் உயர்த்திவிடும்.

எங்களை மிகவும் வருத்தியது தங்கள் சேவைப் பொறியாளர் இதைக் கையாண்ட விதம். வெளிக்குழாயின் வெப்பநிலை 2 டிகிரி. அவர் அழுத்தம் அளக்கும் கேஜை உள்வாய்ப் பக்கம் பொருத்தி, அங்குள்ள அழுத்தத்துக்குரிய கொதிநிலையான 0 டிகிரியோடு ஒப்பிட்டு, "சூப்பர்ஹீட் வெறும் 2 டிகிரிதான், வால்வு அதிகமாகத் திறந்திருக்கிறது" என்று சொல்லி, காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் அந்த வால்வை மேலும் இறுக்கினார் (சூப்பர்ஹீட் என்பது வெளியேறும் வாயு தன் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதல் வெப்பமாக உள்ளது என்பது). வெளிவாய் அழுத்தத்தில் கணக்கிட்டிருந்தால் சூப்பர்ஹீட் 5 டிகிரி என்று தெரிந்திருக்கும். போதிய திரவம் கிடைக்காமல் காயிலின் பின்பகுதி இப்போது உலர்ந்து கிடக்கிறது. இவ்வளவு அழுத்த இழப்புள்ள காயிலுக்கு எக்ஸ்டர்னல் ஈக்வலைசர் (வெளிவாய் அழுத்தத்தை வால்வுக்குக் கொண்டுசேர்க்கும் சிறு குழாய்) இல்லாத வால்வைக் கொடுத்ததே தவறு.

ஆகவே, ஒப்புதல் வரைபடத்தின்படி 6 சர்க்யூட்டுகள் கொண்ட காயிலையும், எக்ஸ்டர்னல் ஈக்வலைசர் உள்ள வால்வையும் தங்கள் செலவிலேயே மாற்றித் தர வேண்டும். நுண்வரிக் குழாய்க்கு உரிய சமன்பாட்டின்படி திருத்திய அழுத்த இழப்புக் கணக்கையும், பயன்படுத்திய சமன்பாட்டின் பெயரையும் எழுத்து மூலம் தர வேண்டும். இவை இயலாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கோருகிறோம். அளவீட்டுப் பதிவுகளும் ஒப்புதல் வரைபடத்தின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்