பாரிடோன் இடம்

அன்பு மகனுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துதல். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உன் கடிதத்தில் வேலை, குளிர், வாடகை எல்லாம் இருந்தது. பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் நால்வர் குழுவில் பாரிடோன் (டெனருக்கும் பாஸுக்கும் நடுவில் உள்ள குரல்) பாடியவர் போய்விட்டார் என்பதற்காகப் பாட்டை விட்டுவிடாதே.

பிளாக்வுட் பிரதர்ஸ் என்ற அமெரிக்க கிறிஸ்தவப் பாட்டுக் குழுவின் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். 1934-ல் மிசிசிப்பியில் ராய், டாயில், ஜேம்ஸ் மூன்று சகோதரர்களும் ராயின் 13 வயது மகன் ஆர்.டபிள்யூ.வும் சேர்ந்து ஆரம்பித்த குழு. அயோவாவில் ரேடியோவில் பாடி, 1950-ல் மெம்பிஸ் போனார்கள். 1954 ஜூன் 30 அன்று அலபாமாவில் கிளான்டனில், இரவுக் கூட்டத்துக்கு முன் ஓடுதளத்தைப் பார்க்க ஏறிய விமானம் விழுந்தது. பாரிடோன் ஆர்.டபிள்யூ.வும் பாஸ் (அடிக்குரல்) பில் லைல்ஸும் போய்விட்டார்கள். மிஞ்சியது லீட் (முக்கிய மெட்டைப் பாடும் குரல்) ஜேம்ஸும் டெனர் (மேல் குரல்) பில் ஷாவும். ஆர்.டபிள்யூ.வின் தம்பி செசில் பாரிடோனுக்கு வந்தார், சன்ஷைன் பாய்ஸ் என்ற வேறொரு குழுவில் இருந்து ஜே.டி. சம்னர் பாஸுக்கு வந்தார். அடுத்த வருடம் சம்னர் யோசனையில் பஸ் வாங்கி, அதில் படுக்கை போட்டு ஊர் ஊராகப் போனார்கள். அவ்வளவு இழந்தவர்களே குழுவைக் கலைக்கவில்லை, தம்பி.

பாரிடோன் போனால் முதலில் கெடுவது கார்ட்தான், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கை. லீட் மெலடியைப் பிடிப்பார், டெனர் அதற்கு மேலே, பாஸ் பாடும் நீ அடியில். மிச்சமிருக்கும் சுரத்தை நிரப்புவது பாரிடோன், சில நேரம் அது கார்டின் மூன்றாம் சுரம். அப்போது அது இல்லாவிட்டால் கேட்பவனுக்குக் கார்ட் மேஜரா மைனரா (மலர்ந்த ஒலியா, சோக ஒலியா) என்றே தெரியாது. அதைச் சரிக்கட்ட நீ சத்தத்தைக் கூட்டாதே. உன் குணம் எனக்குத் தெரியும், கூட்டுவாய். பாஸ் கத்தினால் லீட் தொண்டையை இறுக்குவார், இரண்டாம் சரணத்துக்குள் சுருதி இறங்கிவிடும்.

புதிய ஆள் வந்தால் பியானோவை மூடிவிட்டு வட்டமாக நின்று பாடுங்கள். ஒரே கார்டை 'ஆ'வில் பிடியுங்கள், பிறகு 'ஏ'யில். சுரம் சரியாக இருந்தும் கார்ட் ஒட்டவில்லை என்றால் வாய் திறப்பைப் பாருங்கள், நாலு பேர் 'ஏ' நாலு விதமாக இருக்கும். சொல் முடிவில் வரும் 'ஸ்' லீட் மட்டும் சொன்னால் போதும், இல்லாவிட்டால் நாலு முறை சீறும். சரணம் முடிந்ததும் பியானோவில் ஒரு சுரம் தட்டிப் பாருங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். திரும்பவும் சொல்கிறேன், சத்தம் கூட்டாதே.

உன் கீழ் சுரங்களைப் பற்றி இங்கே சபையில் இன்னும் பேசுகிறார்கள். எனக்குக் கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் ஒருவன் தனியாக வைத்துக்கொள்வதற்கு இல்லை.

அடுத்த பயிற்சியைப் போனில் பதிவு செய்து அனுப்பு. மூன்று குரல்தான் என்றாலும் அனுப்பு.

அப்பா