விலை ஏறிய வேகத்தில் இறங்காதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, விலையேற்றத்துக்கு டொலரே காரணம் என்று நுகர்வுப் பொருள் நிறுவனங்கள் கூறின. டொலர் 360 ரூபாவைத் தாண்டியிருந்த அந்நாள்களில் மக்களும் அதை மறுக்கவில்லை. பின்னர் டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. எரிபொருள், மின்கட்டணக் குறைப்புகளின் பின் 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே சென்றது. ஆயினும் டொலரைக் காட்டி ஏற்றப்பட்ட விலைகளுள் பல இன்னும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. 2024 ஜனவரியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது மட்டும் விலைகளை மாற்றுவதில் எவரும் தாமதிக்கவில்லை.

விலையை உயர்த்தாமல் நிறையைக் குறைப்பது இதைவிட மோசமானது. வெள்ளவத்தைக் கடையொன்றில் வழக்கமாக வாங்கும் சவர்க்காரத்தை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். உறையின் நிறமும் படமும் பழையபடியே இருந்தன. கிராம் அளவு மட்டும் குறைந்து, உறை மடிப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாதவர்கள் அதை வாசிக்கவே முடியாது. பிஸ்கட் பக்கற்றிலும் இதே கதைதான். கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? ஆகக்கூடிய சில்லறை விலையை அச்சிடுவது அவரல்லர். ஆனால் வாடிக்கையாளரின் ஏச்சை வாங்குபவர் அவர்; விலையைக் காட்சிப்படுத்தவில்லை என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் சோதனையில் அகப்படுபவரும் அவரே.

இந்நிறுவனங்கள் சமூகப் பொறுப்பை அறியாதவை அல்ல. வெசாக் காலத்தில் தன்சல் வைத்து இலவசமாக உணவு வழங்குகின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கிப் புகைப்படமும் வெளியிடுகின்றன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் நாட்கூலியில் வாழும் குடும்பத்திடம் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்த கிராம்களுக்கு ஆண்டுக்கொரு கொப்பி ஈடாகுமா?

நியாயமான இலாபத்தை எவரும் ஆட்சேபிக்கவில்லை. செலவு கூடும்போது பத்திரிகைகளுக்கு விளக்கம் தரும் நிறுவனங்கள், அது குறையும்போதும் விளக்கம் தரட்டும். நிறை குறைக்கப்பட்டால் பழைய நிறையையும் புதிய நிறையையும் உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சில மாதங்களுக்கேனும் அச்சிட வேண்டும். நூறு கிராமுக்கான விலையையும் அங்கேயே குறிப்பிட வேண்டும். அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் இதற்கான பணிப்புரையை விடுப்பது பற்றி ஆராயலாம். நிறுவனங்களோ அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தொகுதி உறையை அச்சுக்கு அனுப்பும்போதே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.