கல்லும் சைக்கிள் டியூபும்

கிருஷ்ணகிரி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தோப்பில் பெங்களூரா மாங்காய் பறிப்பு. கூழ் ஆலைக்கு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு இன்றுதான் உட்கார்ந்தேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), சிடி பிளேயர் மூன்றுக்கும் அடியில் வைக்க அதிர்வு தாங்கும் மேடையும் கால்களும் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். நீ சொன்ன விலைக்கு இங்கே ஒரு கறவை மாடு வாங்கலாம். ஆம்புக்கும் சிடி பிளேயருக்கும் வேண்டாம், விட்டுவிடு. உன்னுடையது டிரான்சிஸ்டர் ஆம்ப். வால்வு ஆம்பாக இருந்தாலாவது யோசிக்கலாம். சில வால்வுகளைத் தட்டினால் ஸ்பீக்கரிலேயே கேட்கும். அதிர்வு உண்மையில் கெடுப்பது ஊசியைத்தான். மயிரிழையிலும் மெல்லிய நெளிவைப் படிக்கிற ஊசி, தெருவில் போகிற லாரியையும் சேர்த்துத்தான் படிக்கும்.

என் கதையைக் கேள். வீடு பெங்களூரு சாலைக்குப் பக்கம், பாட்டுக் கேட்கும் அறை மாடியில், பழைய மரத்தளம். நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? பாலிஷ் பட்டறையில் வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்று வாங்கினேன். 45-க்கு 40 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் கனம், ஏறக்குறைய 10 கிலோ. அலமாரி மேல் அப்படியே வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. விரல் முட்டியால் தட்டினால் கல்லே 'டிங்' என்றது. கனம் மட்டும் போதாது, அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் சைக்கிள் கடையில் குழந்தை சைக்கிளின் 12 அங்குல டியூப் வாங்கி, அரைக் காற்றடித்து, அதன்மேல் கல்லை வைத்தேன். லாரி உறுமல் போயே போய்விட்டது! இரண்டு நாள் தரையில் கால் படவில்லை எனக்கு. மூன்றாம் நாள் பேரன் வந்து குதித்தான். கல் படகு மாதிரி ஆடியது, ஊசி தாவி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

காரணம் எளிது. காற்றடித்த டியூபும் ஒரு ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த எதற்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. பாரத்தில் ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் அது சுமார் 5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐந்து ஆட்டம். 1 மில்லிமீட்டர்தான் அமுங்கினால் 16. அந்த வேகத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேலே வரும் அதிர்வைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே கூட்டிவிடும். லாரியின் அதிர்வு அந்த எல்லைக்கு மேலே, பேரனின் குதிப்பு கீழே. ஊசியும் அதைத் தாங்குகிற பிளேயரின் கையும் சேர்ந்து ஆடுவது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் என்பதால் மேடையின் ஆட்ட வேகம் அதற்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

கடைசியில் கெட்டியான சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்துக் கல்லை அதன்மேல் ஏற்றினேன். இடையில் ரப்பர் துண்டுகள். பேரன் இப்போது எவ்வளவு குதித்தாலும் சரி. லாரி கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது, பொறுத்துக்கொள்கிறேன்.

உன் ஓசூர் வீடு கான்கிரீட் தளம், உனக்குச் சுவர்ப்பலகை தேவைப்படாமலே போகலாம். முதலில் சோதித்துப் பார். தட்டு சுற்றாமல் நிற்கும்போது ஊசியை இறக்கி, சத்தத்தை மிதமாக வைத்து, அலமாரியை விரலால் தட்டு, பக்கத்தில் நடந்து பார். எது ஸ்பீக்கரில் கேட்கிறதோ அதற்குத்தான் மருந்து. கால்கள் வாங்கினால் பிளேயரை எடைபோட்டுவிட்டு வாங்கு. சோர்போதேன் மாதிரி ரப்பர் பாரத்தில் கொஞ்சமாவது அமுங்கினால்தான் வேலை செய்யும். கனமான பிளேயருக்கென்று செய்ததை லேசான பிளேயருக்குப் போட்டால் அது வெறும் கட்டை. கூரான இரும்புக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தும், அதிர்வைத் தடுக்காது. உன் பிளேயர் உள்ளுக்குள்ளேயே ஸ்பிரிங்கில் தொங்குகிறதா என்றும் பார். அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1961-லேயே தன் ஏஆர் கம்பெனியின் ரெக்கார்டு பிளேயரில் தட்டையும் கையையும் மூன்று ஸ்பிரிங்கில் தொங்கவிட்டுவிட்டார். அந்த வகைக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங் வைத்தால் இரண்டும் சண்டை போடும். எது வைத்தாலும் மேஸ்திரியின் ரசமட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்.

காசு கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிறு இங்கே வா. உனக்கும் ஒரு கல் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். காரில் வா, அந்த முழங்காலோடு பத்து கிலோவைப் பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்