கருவியை மாற்றும் முன் லைனைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பகுதி வீடுகளில் பொருத்தப்படும் தானியங்கி விளக்கு, சுவிட்சு அமைப்புகள் சில மாதங்களிலேயே ஒன்றுக்கொன்று தொடர்பற்றுப் போய்விடுவதாகவும், புதிய கருவி வாங்கிப் பொருத்தியும் பலன் இல்லை என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் வீட்டு வயரிங் பணியைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதுபற்றி விளக்கமாக எழுத விரும்புகிறேன். அவர் குறிப்பிட்டிருந்தது, மின்கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பும் வகையைச் சேர்ந்த அமைப்பு. அத்தகைய அமைப்பில் இரண்டு கருவிகள் லிங்க் ஆக, அதாவது ஒன்றோடொன்று இணைந்து பேச, மறுத்தால், நான் பார்த்த வரையில், பழுது பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை. அந்த வீட்டின் மின்பாதையில்தான் இருக்கிறது. லைனைச் சோதிக்காமலே கருவியை மாற்றச் சொல்வது வீட்டுக்காரரின் பணத்தை வீணாக்கும் செயல்.

நீலகிரியில் இந்த வகை அமைப்பை மக்கள் நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய பங்களாக்களின் தடித்த கருங்கல் சுவர்களைத் தாண்டி வைஃபை அடுத்த அறைக்கே தடுமாறித்தான் போகிறது. ஆனால் அவுட்ஹவுஸ், கேட் விளக்கு வரையிலும் மின்கம்பி ஏற்கெனவே போயிருக்கிறது. பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, வயதான தம்பதியர் மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். இருட்டிய பிறகு காட்டெருமையோ கரடியோ தோட்டத்துக்குள் வந்து நிற்கக்கூடிய ஊர்களில், படுக்கையருகே உள்ள சுவிட்சை அழுத்தினால் வெளிவிளக்குகள் எல்லாம் எரிய வேண்டும் என்று அவர்கள் கேட்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த விளக்கு எரியாவிட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்ப்பவர் எழுபது வயதைக் கடந்தவர்.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னழுத்தம் விநாடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) கடக்கிறது. லைன் ஓரளவு அமைதியாக இருக்கும் அந்தக் கணத்தை ஒட்டித்தான் பழைய மின்பாதைக் கருவிகள் தங்கள் சிக்னலை ஏற்றி அனுப்பின. 1975-இல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்10 முறை இதற்கு 120 கிலோஹெர்ட்ஸையும், 2005-இல் அமெரிக்காவில் வந்த இன்ஸ்டியான் முறை 131.65 கிலோஹெர்ட்ஸையும் பயன்படுத்தின. எக்ஸ்10-இல் 16 எழுத்துகளும் 16 எண்களும் சேர்ந்து மொத்தம் 256 முகவரிகள்தாம். சாதாரண மாட்யூலுக்கு (கட்டளையைப் பெற்று இயங்கும் கருவிக்கு) அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவி அறிய வழியில்லை. இன்ஸ்டியானில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. கட்டளையைப் பெற்ற கருவி பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் அனுப்பிய கருவி மறுபடி முயலும். பிற்கால அமைப்புகள் அதிர்வெண்ணிலும் முறையிலும் வேறுபட்டாலும், 230 வோல்ட் ஓடும் கம்பியில் சில வோல்ட் அளவே உள்ள மெல்லிய சிக்னல் போய்ச் சேர வேண்டும் என்ற நிலை எல்லாவற்றுக்கும் பொது. லிங்க் செய்யும்போது இரு கருவிகளும் பேசிக்கொண்டு, ஒன்றன் முகவரியை மற்றது தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால், சிக்னல் இரு திசையிலும் போக வேண்டியிருக்கிறது. ஒரு திசை மட்டும் அடைபட்டாலே லிங்க் பிடிக்காது.

முதலில் பார்க்க வேண்டியது பேஸ், அதாவது வீட்டுக்குள் மின்சாரம் ஏறிவரும் கம்பி எது என்பது. மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் படுக்கையறை ஒரு பேஸிலும் வெளிவிளக்கு வேறொரு பேஸிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே சிக்னல் போவதற்கு நேரான பாதை இல்லை. தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் வலுவிழந்துவிடும். போதாததற்கு, நம் மூன்று பேஸ்களும் சுழியைக் கடக்கும் நேரங்கள் 3.33 மில்லிவிநாடி இடைவெளியில் மாறி மாறி வருகின்றன. எக்ஸ்10 கருவிகள் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரே சிக்னலை மூன்று முறை அனுப்பியது இதற்காகவே. வெவ்வேறு பேஸ்களைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தயாரிப்பாளர் தரும் பேஸ் கப்ளரையோ, ரேடியோ வழியாகவும் பேசக்கூடிய கருவிகளையோ பொருத்த வேண்டும். கடையில் வாங்கிய ஏதோ ஒரு கெபாசிட்டரை இரண்டு பேஸ்களுக்கு இடையே தாமே கட்டிக்கொள்வதை வன்மையாக எதிர்க்கிறேன். அங்கே இருப்பது 400 வோல்ட்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு பேஸ் போய்விட்டால், பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பி, இருக்கும் பேஸுக்கு வீட்டின் அந்தப் பகுதியை மாற்றிக்கொள்வது இங்கே அன்றாடப் பழக்கம். காலையில் ஒரே பேஸில் இருந்தபோது லிங்க் செய்த கருவிகள், மாலையில் யாரோ அந்தச் சுவிட்சைத் திருப்பியதும் வெவ்வேறு பேஸ்களுக்குப் பிரிந்துவிடுகின்றன. லிங்க் அழிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்காரர் ரீசெட் செய்கிறார். அதன் பிறகுதான் உண்மையிலேயே லிங்க் அழிகிறது.

பேஸ் சரியாக இருந்தும் லிங்க் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது இரைச்சல், அதாவது மற்ற சாதனங்கள் லைனில் கிளப்பிவிட்டுச் சிக்னலைக் கெடுக்கும் மின்குழப்பம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு வீட்டில், பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்த வராந்தா விளக்கு, இருட்டிய பிறகு மட்டும் படுக்கையறை சுவிட்சுக்குக் கட்டுப்படவில்லை. விற்றவர் இரண்டு கருவிகளையும் மாற்றிக் கொடுத்தும் அதே நிலைதான். வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டி.பி. பெட்டியில், ஒவ்வொரு சர்க்யூட்டையும் துண்டிக்கும் சுவிட்சுகளான எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தபோது, சமையலறைச் சர்க்யூட்டை இறக்கியதும் வராந்தா விளக்கு உடனே கட்டுப்பட்டது. அந்தச் சர்க்யூட்டில் மாலையில் மட்டும் போடும் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்று இருந்தது. அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டி தீப்பெட்டி அளவுதான். திறந்து பார்த்தால், இரைச்சலைத் தடுக்கும் சிறு கம்பிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஜம்பர் கம்பி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த டிரைவரை மாற்றிய பிறகு, அதே கருவிகளே இன்றுவரை வேலை செய்கின்றன.

இரைச்சல் செய்யும் மட்டமான சாதனம் ஒருபுறம் இருக்க, தரமான சாதனம் சிக்னலையே விழுங்கிவிடுவதும் உண்டு. கணினி, தொலைக்காட்சி, யு.பி.எஸ். போன்றவற்றின் உள்ளே லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இரைச்சல் தடுப்புக் கெபாசிட்டர் இருக்கும். 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் சுமார் 32,000 ஓம் தடையைக் காட்டுவதால் மின்செலவில் அது தெரியவே தெரியாது. 131 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கோ அதே கெபாசிட்டர் ஏறத்தாழ 12 ஓம்தான், அதாவது கிட்டத்தட்ட ஷார்ட். இப்படி நாலைந்து சாதனங்கள் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகப்பட்டிருந்தால், அதன் பக்கத்தில் உள்ள மாட்யூலுக்கு எதுவும் கேட்காது. மாட்யூலை வேறு பிளக் பாயிண்டுக்கு மாற்றுவதும், அந்தப் பலகைக்கு முன் தகுந்த பில்டர் போடுவதும் இதற்குத் தீர்வு. சர்ஜ் தடுப்புள்ள பலகையில் மாட்யூலைச் செருகுவது கூடவே கூடாது.

இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் இல்லாத வீடு மலையில் அரிது. மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரின் ரிலே அந்தச் சர்க்யூட்டை வெளி லைனிலிருந்து பிரித்துவிடுவதால், இன்வெர்ட்டரில் உள்ள சுவிட்சும் நேர் லைனில் உள்ள விளக்கும் பேசிக்கொள்ள இயலாது; ஸ்டெபிலைசரின் சுருள்களைத் தாண்டும்போதும் சிக்னல் குன்றுகிறது. ஆகவே சேர்ந்து இயங்க வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் வைப்பதே முறை. பழைய வீடுகளின் சுவிட்சுப் பெட்டிகளில் பேஸும் விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருக்கும், நியூட்ரல் இருக்காது. நியூட்ரல் இன்றிப் பெரும்பாலான மின்பாதைக் கருவிகள் பேசா என்பதற்காக வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இழுத்துச் சேர்த்துவிட்டு, மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதையே நீக்கிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடும் இந்தச் செயலை எந்த மின்பணியாளரும் செய்யக்கூடாது.

இவற்றையெல்லாம் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. லிங்க் ஆகாத இரண்டு கருவிகளில் செருகும் வகை எதுவோ அதை மற்றதன் சர்க்யூட்டிலேயே அருகில் செருகி, மற்ற எம்.சி.பி.க்களை இறக்கிவிட்டு லிங்க் செய்து பார்க்க வேண்டும். அங்கே பிடித்தால் கருவிகள் நல்லவை. பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தால், எதை ஏற்றும்போது பேச்சு அறுகிறதோ அதில்தான் சிக்கல்.

லைன் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், அப்போது நினைவகத்தைப் பார்க்கலாம். ஒரு கருவியில் பதிவு இருந்து மறுகருவியில் இல்லாத அரைகுறை லிங்க் அடிக்கடி நேர்வது. லிங்க் செய்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றாலும் நேரலாம். பழைய கருவியை அதன் லிங்க்கை நீக்காமல் கழற்றி எறிந்தாலும் நேரும். இல்லாத முகவரியைச் சுவிட்சு திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருப்பதால் மற்ற விளக்குகளும் தாமதமாக எரியும். ரீசெட் செய்தால் அந்த ஒரு கருவியின் பட்டியல் மட்டுமே அழியும் என்பதையும், அதோடு லிங்க் ஆகியிருந்த மற்ற கருவிகளில் பழைய பதிவுகள் அப்படியே இருக்கும் என்பதையும் பலர் அறிவதில்லை. முறையாக இரு பக்கமும் லிங்க்கை நீக்கிவிட்டு, எது கட்டளை இடுவது, எது பெறுவது என்று தெளிவாகத் தீர்மானித்து, அந்த வரிசையில் மறுபடி செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து தரும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வீடுகளுக்கானவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. நம் லைனில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் அந்த டிரான்ஸ்பார்மரே சிக்னலுக்குத் தடையாகிவிடும். பெட்டியில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். செல்போன் செயலியை மட்டுமே நம்பி அமைப்பதும் நல்லதன்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோது செயலியைச் சார்ந்திருந்தவர்கள் தவித்தார்கள். கருவிக்கும் கருவிக்கும் நேரடியாக லிங்க் செய்திருந்தவர்களின் சுவிட்சுகள் வழக்கம்போல் வேலை செய்தன. அதே ஆண்டில் பயனாளர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீண்டும் நடத்தத் தொடங்கினார்கள் என்றாலும், இடையில் இருந்த இடர்ப்பாடு எல்லோரும் கவனிக்க வேண்டியது. புயலிலும் மழையிலும் இணையம் அறுந்துபோகும் மலையில் நேரடி லிங்க்தான் கைகொடுக்கும்.

ஆகவே இத்தகைய அமைப்புகளை விற்பவர்களிடமும் பொருத்துபவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வேலையை முடித்துப் பணம் வாங்கும்போது, ஒவ்வொரு கருவியின் முகவரி, அது இருக்கும் இடம், எந்த எம்.சி.பி., எந்த பேஸ், இன்வெர்ட்டர் பக்கமா நேர் லைனா, எதனோடு லிங்க் செய்யப்பட்டுள்ளது என்ற விவரங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி டி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள். பேஸ் மாற்றும் சுவிட்சு உள்ள வீடுகளில் அது இருக்க வேண்டிய நிலையையும் அதே தாளில் குறிப்பிடுங்கள். அடுத்து வரும் மின்பணியாளர் யாராக இருந்தாலும், எதையும் ரீசெட் செய்வதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்து லைனைச் சோதிக்க அது உதவும். வீட்டுக்காரர்களும் அந்தத் தாள் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
வீட்டு மின்பணியாளர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.