பாட்டைக் கதிரையில் இருத்திப் பதியாதீர்கள்

வன்னியில் பண்பாட்டு அலுவல்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

நாட்டார் பாடல்களைப் பதிவுசெய்யவென்று அண்மையில் ஒரு மண்டபத்தில் நடந்த நிகழ்வைப் பற்றி உங்களுக்கு நாங்கள் புதிதாக விளக்கத் தேவையில்லை. அழைப்பு உங்களிடமிருந்துதான் வந்தது, படிவமும் நீங்கள் அச்சிட்டதுதான். அந்தப் படிவங்களில் ஒன்றில் எழுதப்பட்ட ஒரு வரிக்காகவே இந்த மடல்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய். குளத்தடி ஊர் ஒன்றிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து காலை 9 மணிக்கே மண்டபத்தில் இருந்தவர். அவருடைய பெயரைக் கூப்பிடப் பின்னேரம் 3 மணி ஆகிவிட்டது. மேடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, வாயோடு ஒட்டினாற்போல மைக், தலைக்கு மேலே கிறீச்சிட்டுச் சுழலும் மின்விசிறி. “அம்மா, ஐஞ்சு நிமிசம்தான். அரிவிவெட்டுப் பாட்டொண்டு பாடுங்கோ” என்று நெல் அறுக்கும்போது பாடும் பாட்டைக் கேட்டார்கள். இரண்டு அடி பாடினார், நின்றார். திரும்பவும் அதே இரண்டு அடி, திரும்பவும் நின்றார். மடியில் கிடந்த வலது கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. “காணும் அம்மா” என்று இறக்கிவிட்டார்கள். படிவத்தில் எழுதினார்கள்: “பாடல் முழுமையாக நினைவில் இல்லை.”

அது பிழை. அவருக்கு நினைவில்லை என்று எழுதியவருக்கு அரிவிவெட்டுப் பாட்டு எப்படிப் பாடப்படுகிறது என்று தெரிந்திருக்கவில்லை.

அரிவி வெட்டும்போது ஆட்கள் நிரையாக நிற்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். இடக்கை நெற்கதிரைச் சேர்த்துப் பிடிக்கும், வலக்கை அரியும், பிறகு அரிந்த கற்றையான உப்பட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஒரு எட்டு முன்னே. பாட்டின் ஒரு அடி அந்த ஒரு சுற்றுக்கு அளவாக வெட்டப்பட்டது. மற்றவர்கள் வாங்கிச் சொல்லும் அந்த இடைவெளியில்தான் அடி எடுப்பவர் மூச்சு விடுவார், அடுத்த அடியும் அப்போதுதான் அவர் வாய்க்கு வரும். வாங்கிச் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்த இடைவெளி இல்லை. இடைவெளி இல்லாவிட்டால் அடுத்த அடி இல்லை. அந்தத் தாயின் கை ஏன் மடியில் அசைந்துகொண்டிருந்தது என்று மேடையில் நின்ற ஒருவராவது யோசித்திருந்தால், நாலு பேரைக் கூப்பிட்டு அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். பாட்டு வந்திருக்கும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பாட்டை முழுதாக, அது பாடப்படும் இடத்தில், அதைப் பாடும் ஆட்களோடு சேர்த்துப் பதியுங்கள். பதிந்ததன் பிரதியை அந்த ஊருக்கே திருப்பிக் கொடுங்கள்.

இது பெரிய செலவுள்ள வேலை என்று சொல்லிவிடாதீர்கள். வன்னியில் பெரும்போகம் மழையோடு விதைத்து, தை தொடங்கிப் பங்குனிக்குள் வெட்டி முடியும். இப்போது வயலுக்கு வெட்டு மெசின்தான் வருகிறது, காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் நெல் மூட்டையில் கிடக்கும். மெசின் வந்ததைக் குறை சொல்லவில்லை, நாரி முறிய வெட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கையால் வெட்டிய காலத்துப் பாட்டைப் பதிய வேண்டுமானால் ஒரு வயற்காரரிடம் பேசி, கால் ஏக்கரை மெசினுக்கு விடாமல் வைக்கச் சொல்ல வேண்டும். வெட்டத் தெரிந்த எட்டுப் பத்துப் பேர், அவர்களுக்கு அன்றைய கூலி, தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு. அவ்வளவுதான். காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். முதல் அரை மணித்தியாலம் எதையும் கேட்காதீர்கள், வெட்ட விடுங்கள். கை சூடானால் பாட்டு தானாக வரும். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

வெட்டிய நெல்லை மாடு கட்டிச் சூடு மிதிக்கும் களத்துப் பாட்டுக்கும் இதே கதைதான். மாடு சுற்றும்போது “பொலி, பொலி” என்று எழும் குரல் மாட்டின் நடைக்குக் கட்டுப்பட்டது. மாட்டையும் களத்தையும் எடுத்துவிட்டு அந்தக் குரலை மட்டும் மைக்கில் கேட்டால் வெறும் சொல்தான் பதிவாகும். அடியெடுக்கத் தெரிந்தவர்களில் இருபது வயதில் களத்தில் நின்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு போகமும் சிலர் குறைகிறார்கள்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று கைத்தொலைபேசியில் பதிந்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே ஆவணம் என்று வைத்திருக்கிறீர்கள். வட்ஸ்அப் பெரும்பாலும் ஒலியை நசுக்கித்தான் அனுப்பும். நசுங்கிய ஒலியிலிருந்து தாளத்தின் மேற்குரலையும் சொல்லின் ஓரத்தையும் பிறகு யாராலும் மீட்க முடியாது. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் பிடிக்கும், இன்றைய நினைவக அட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடியெடுப்பவரின் சட்டையில் சிறிய மைக் ஒன்று, நிரைக்கு முன்னால் ஸ்டீரியோ மைக் ஒன்று. நந்திக்கடல் பக்கத்திலும் திறந்த வயலிலும் காற்று மைக்கில் மோதி இரையும், மயிர்க் கவசம் போடாமல் எதையும் பதியாதீர்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். ஒலி அளவு உச்சத்தில் சிவப்பைத் தொடக்கூடாது, உரத்த இடத்தில் கழித்தல் 12 டெசிபல் அளவில் நின்றால் திடீரென்று குரல் எழும்பினாலும் உடையாது. காதில் ஹெட்போன் போட்ட ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும். பற்றரி இறங்கியதைப் பாட்டு முடிந்தபிறகு கண்டுபிடிக்கும் அவலத்தை அது ஒன்றுதான் தடுக்கும்.

கூத்தைப் பற்றியும் ஒரு சொல். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து இரவு தொடங்கி விடியும்வரை ஆடுவது. போட்டிக்கென்று அதை 30 நிமிடமாகச் சுருக்கச் சொல்கிறீர்கள். சுருக்கும்போது முதலில் விழுவது வரவுப் பாட்டு. பாத்திரம் களரிக்குள் எப்படி நுழைகிறது, எந்த ஆட்டத்தில் நுழைகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது போனால் மிஞ்சுவது வசனமும் உடுப்பும். இன்னொன்று, ஆட்டக்காரருக்குத் தன் பாடமும், அதற்கு முன்னால் வரும் அடியும்தான் தெரியும். முழுக் கூத்தும் அதைப் பழக்கும் அண்ணாவியாரிடம் இருக்கிறது. ஆட்டக்காரர் பத்துப் பேரைத் தனித்தனியே கூப்பிட்டுப் பதிந்தாலும் கூத்து ஒன்றாகாது. அண்ணாவியார், மத்தளம், தாளம், பிற்பாட்டு எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேண்டும்.

ஒப்பாரிக்கு வேறு கவனம் தேவை. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி சொல்லக் கூடாது என்பது எங்கள் பெண்களின் உறுதியான வழமை. வீட்டு விறாந்தையில் கமெராவைப் பூட்டிவிட்டு “ஒரு ஒப்பாரி பாடுங்கோ அம்மா” என்று கேட்பது அவர்களைப் புண்படுத்துவது. சம்மதம் என்றால் வீட்டைவிட்டு விலகி வயற்கரையிலோ மரத்தடியிலோ இருந்து பாடுவார்கள். இல்லை என்றால் இல்லைதான், வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஒப்பாரியிலும் ஒரு பெயர் இருக்கும். 2009 போருக்குப் பிறகு வன்னியில் அந்தப் பெயர்கள் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியும். எதை வெளியிடலாம், எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று பாடியவர் சொல்லட்டும்.

கண்ணகை அம்மன் பாடல்களும் அப்படித்தான். வைகாசியில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோகும் நாட்களுக்கென்று பாட்டும் உண்டு, நோன்பும் உண்டு. நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் அம்மன் கிழவியாக வந்த கதையை யார் வேண்டுமானாலும் எப்போதும் சொல்லலாம். கோவிலில் படிக்கும் பாட்டை ஐப்பசியில் மண்டபத்தில் வைத்துப் படிக்கச் சொல்ல முடியாது. கோவிற்காரரிடம் முதலில் கேளுங்கள், காலம் வரும்வரை பொறுத்திருங்கள்.

எழுத்தாக்கத்தில் நடந்ததையும் விட முடியாது. பண்டிப்பள்ளு என்று பாடியதைப் “பன்றிப்பள்ளு” என்று திருத்தி அச்சிட்டிருக்கிறீர்கள். வன்னியான் வாயில் அது பண்டிதான். ஒரு அடியின் தொடக்கத்தில் பண்டி என்று வந்தால் அடுத்த அடி வண்டி என்றோ நொண்டி என்றோ எதுகை பிடிக்கும். பன்றி என்று நீங்கள் மாற்றிய கையோடு எதுகை உடைந்துவிட்டது. பாடிய புலவன் எதுகை தெரியாதவன் என்று நாளை ஒரு மாணவன் கட்டுரை எழுதுவான். வாயில் வந்ததை வந்தபடி எழுதுங்கள், விளக்கத்தை அடியில் போடுங்கள். ஒரு மணித்தியாலப் பாட்டைச் சரியாக எழுத ஒருவருக்கு ஒரு முழு நாள் வேண்டும், அந்த நாளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள்.

“இதில் சரியான பாடம் எது?” என்ற கேள்வியையும் கைவிடுங்கள். குமுழமுனை அரியாத்தையின் கதையை எடுங்கள்: யானையைப் பிடித்துக் கட்டிய பெண், வேலப்பணிக்கன் பெண்சாதி. ஒருவர் சொன்னால் யானை பிடித்த இடம் நீளும், இன்னொருவர் சொன்னால் அவளுடைய சாவும் அழுகையும் நீளும். இரண்டையும் பதியுங்கள். யாரிடம் கேட்டுப் பழகினார், எந்த ஊரில், எந்த வேலையின்போது என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் படிவத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்கு இடமிருக்கிறது, வங்கிக் கணக்குக்கு இடமிருக்கிறது, “யாரிடம் பழகியது” என்று கேட்க ஒரு கோடுகூட இல்லை.

மரபுரிமை என்றால் கல்லும் செங்கல்லும் மட்டும் என்றே இந்த நாட்டு அலுவலகங்கள் நினைக்கின்றன. கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரத் தளபதி தரப்பு நட்ட கல்லில் 1803 ஒக்டோபர் 31 என்று திகதி இருக்கிறது, அதனால் அது வரலாறு. அவனைப் பற்றி இந்தக் காட்டோர ஊர்களில் சொல்லிவந்த கதைகளுக்குக் கல் இல்லை, அதனால் அவை பொழுதுபோக்கு. குரக்கன் வெட்டிய தாளான ஒட்டைச் சுட்டபோது லிங்கம் வெளிப்பட்டதென்று ஒட்டுசுட்டான் ஊர்ப் பெயருக்குச் சொல்லும் கதையும் அப்படியே. யுனெஸ்கோவின் 2003 ஆம் ஆண்டு உடன்படிக்கை வாய்மொழி மரபுகளைத்தான் பட்டியலின் முதலிடத்தில் வைத்திருக்கிறது, சமூகத்தின் பங்கேற்பு வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கை அதில் 2008 இல் சேர்ந்தது. 2018 இல் பொம்மலாட்டமும் 2021 இல் தும்பறைப் பாய் நெசவும் அதன் பட்டியலில் ஏறின, அந்தக் கலைஞர்களுக்காக மகிழ்கிறோம். வன்னியின் பாட்டுக்காரருக்கு அதே நாட்டின் அலுவலகம் கொடுத்தது ஐந்து நிமிடம்.

2009 இல் முள்ளிவாய்க்கால்வரை போனவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினார்கள். கூத்துக் கொப்பிகளும் ஏடுகளும் ஒலிநாடாக்களும் வழியில் பங்கருக்குள் போயின. மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது பல ஊர்களில் எஞ்சியிருந்தது ஆட்களின் நினைவு ஒன்றுதான். அந்த நினைவைப் பார்த்துத்தான் “முழுமையாக இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு ஏன் நெஞ்சு கொதிக்கிறது என்று இப்போது விளங்கும்.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறோம். பாட்டை முழுதாக, அதன் இடத்தில், அதன் ஆட்களோடு பதியுங்கள். மூலக் கோப்பை மூன்று பிரதியாக்கி, ஒன்றை உங்களிடமும், ஒன்றை வேறொரு மாவட்டத்திலும், ஒன்றை ஊர்ப் பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ வையுங்கள். பாடியவர் வீட்டுக்கு அவர்கள் கேட்கக்கூடிய வடிவில் ஒன்று போகட்டும். அந்த வீட்டில் கணினி இராது, பேரப்பிள்ளையின் போனில் போட்டுக் கொடுத்தாலும் போதும்.

வருகிற பெரும்போக வெட்டுக்கு முன்னர் அந்தத் தாயின் ஊருக்கு ஒருவரை அனுப்புங்கள். அவரை மண்டபத்துக்கு அழைக்க வேண்டாம், நீங்கள் வயலுக்கு வாருங்கள். அவரோடு வெட்டியவர்களில் இன்னும் மூன்று பேர் அதே ஊரில் இருக்கிறார்கள், அவர்களையும் சேருங்கள். அதற்கு முதல், அந்தப் படிவத்தை எடுத்து, எழுதிய வரியை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னி ஊர்களில் பாட்டும் கூத்தும் கதையும் தொகுத்து வருவோர்